ஏணிக்கு மேலே ஏழு வாரம்

பெரியப்பா பூதத்தான் போன வாரம் கொண்டுவந்து வைத்த ரயில் டிக்கெட் இன்னும் டிவி பெட்டியின் மேலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை வண்டி. அவருக்கு ஒன்று, தம்பி சுடலைக்கண்ணனுக்கு ஒன்று, தம்பி பெண்டாட்டி கோமதியம்மாளுக்கு ஒன்று.

"ஊர்ல தரையோட தரையா வீடு கெடக்கு. ஏணியும் கெடையாது, ஒரு எழவும் கெடையாது. அங்கன வச்சு வைத்தியம் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு, நவி மும்பையில் கோபர்கைரனேயில் இருக்கிற தன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டுச் செய்து நாம் எந்த வாரம் பார்த்தோம்?

இன்று புதன்கிழமை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. குர்லாவில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த சுடலைக்கண்ணனுக்கு, ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். குழறிய பேச்சு பத்து நாளில் நேரானது. கால் மட்டும் போனது போனதுதான் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. தாராவியில் அவர்கள் குடியிருப்பது மாடி அறை. சந்திலிருந்து ஒன்பது படி இரும்பு ஏணி ஏறித்தான் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன அன்று நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்தார்கள். அதோடு சரி. ஏழு வாரமாக அந்த மனிதர் சந்தை மிதிக்கவில்லை.

மகள் கலைச்செல்வி பெரியப்பா வீட்டில் தங்கி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அவளுக்கு அப்பாவை ஊருக்கு அனுப்பவே மனசில்லை. ஆனால் "இங்கன வச்சு நீ என்ன பண்ணிக் கிழிக்கப்போற?" என்று பெரியப்பா கேட்டபோது அவளிடம் பதிலும் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் கெட்டிருந்தாள்.

அவளுக்கு மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். இன்று முதல் டோக்கன் விஜயலக்ஷ்மி மாமி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்க வருவாள். வேறு யார் ஊசி போட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கலை ரப்பர் பட்டையை மாமியின் கையில் கட்டினாள். மாமி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு? அழுதுண்டே ஊசி குத்தாதே. நரம்பு மாறிப் போயிடும்."

"அதெல்லாம் மாறாது மாமி. விரலை மடக்குங்க."

"மடக்கறது இருக்கட்டும். என்ன விஷயம்?"

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவர்களிடம்தான் சில சமயம் மனசு திறக்கிறது. ரத்தம் குழாயில் ஏறி முடிவதற்குள் கலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா, ஏணி, டிக்கெட், வெள்ளிக்கிழமை.

மாமி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த ஆள் தொண்டையைக் கனைத்தார். மாமி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

"எங்காத்துக்காரருக்கும் இதேதாண்டி வந்தது. ரெண்டு வருஷம் ஆச்சு. வலது பக்கம்தான். இப்போ பாரு, காய் வாங்கறேன்னு கிளம்பி மார்க்கெட் பூரா சுத்திட்டு வரார். கையில ஒரு கொத்து கொத்தமல்லி வரதில்லை."

"எந்த டாக்டர்ட்ட காட்டுனிய மாமி?" அவசரத்தில் கலைக்குத் தாராவித் தமிழ் வந்துவிட்டது. மாட்டுங்காவில் அதை அவள் சுருட்டி வைத்திருப்பாள்.

"நியூரோ டாக்டர் உயிரைக் காப்பாத்தினார். மாத்திரை எழுதிக் குடுத்தார். அவர் வேலை அதோட முடிஞ்சது. அப்புறம் எலும்பு டாக்டர்கிட்ட போனோம். எலும்புல ஒண்ணுமில்லை, ஏன் இங்க வந்தேள்னார். நடக்க வெச்சது வேற டாக்டர். ரீஹாப் டாக்டர்னு பேரு."

"பிசியோதெரபியா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கறா. இவா முழு டாக்டர். பிசியோகாரா, காலுக்குப் பட்டை பண்றவா, எல்லாரையும் வெச்சு வேலை வாங்கறது இவாதான். நாங்க செம்பூர்ல தனியா பார்த்தோம். ஆனா உங்கப்பா இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது சீட்டு எழுதிக் குடுத்திருப்பாளே."

"சீட்டு எதுவும் தரலையே மாமி."

"தந்திருப்பா. போய்த் தேடு."

எட்டு மணிக்கு முதலாளி வந்ததும் கலை அரை நாள் லீவு கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் கையுறையைக் கழற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஒன்பது படியும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சுடலைக்கண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒலியைக் குறைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கோமதியம்மாள் மூலையில், மோரி என்கிற கழுவுமிடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கலை அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துத் தரையில் பரப்பினாள்.

ஸ்கேன் இருந்தது. ரத்த ரிப்போர்ட் இருந்தது. டிஸ்சார்ஜ் பேப்பரின் கடைசி வரியில் எந்தெந்தப் பிரிவுக்கு மறுபடி வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அங்கே மூன்றாவதாக 'பி.எம்.ஆர்.' என்று மூன்றே எழுத்து. ஏழு வாரமாக அந்த வரியை அவள் இருபது தடவையாவது படித்திருப்பாள். லேபில் வேலை செய்கிற பெண், அது ஏதோ ஒரு பரிசோதனையின் பேர் என்று நினைத்து விட்டுவிட்டாள். அதில் 'ஆர்' என்பது மாமி சொன்ன ரீஹாப் என்று இப்போதுதான் உறைத்தது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"எம்மா, இதோட ஒரு சீட்டு இருந்துச்சா?"

மோரியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கோமதியம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதன் உள்ளே விரலை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை மகளின் முன்னால் வைத்தாள்.

கலை அதைப் பிரித்தாள். அதே மூன்று எழுத்து. அறை எண். தேதி ஏழு வாரத்துக்கு முந்தியது.

"ஏம்மா இத எடுத்து வச்ச?"

"நீ மருந்து வாங்கப் போயிருந்தேல்லா, அப்ப நர்சம்மா எங்கையில குடுத்துச்சு. கேட்டுக் கேட்டு அந்த எடத்துக்குப் போனேன். சன்னல் வழியாப் பாத்தா, வரிசையா காலு தொங்குது. பிளாஸ்டிக் காலு. பெருசு, சின்னது, புள்ளைய காலு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு." கோமதியம்மாள் கணவனின் பக்கம் திரும்பவில்லை. "அங்கன நின்ன பொம்பளைட்ட கேட்டேன். ஹேண்டிகேப் சர்டிபிகேட் குடுக்குற எடம்னு சொன்னா. உங்கப்பாவையும் அப்படி எழுதி முத்திர குத்திருவாவன்னு நெனச்சுட்டேன். பொறவு பட்டறையில யாரு சேத்துக்கிடுவா?"

"அதுக்காக ஏழு வாரம் மறைச்சு வைப்பியா? நாளன்னைக்கு ரயிலு."

"தெரியாமப் பண்ணிட்டேன் தாயி."

கலை இன்னும் நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்டிருப்பாள். அதற்குள் டிவி அணைந்தது. சுடலைக்கண்ணன் இடது கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"சண்டையப் பொறவு வந்து போடுங்க. ஆஸ்பத்திரியில ஓ.பி.டி. பன்னெண்டு மணிக்கு மூடிருவான். உதுமானக் கூப்புடு."

உதுமான் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். சுடலைக்கண்ணனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு துண்டால் கட்டி, கீழே இருவரும் மேலே இருவருமாகப் பிடித்து ஏணியில் இறக்கினார்கள். நாற்காலி ஒவ்வொரு படியிலும் இடித்தது. சந்து முழுக்கத் தலைகள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சுடலைக்கண்ணன் கீழே வந்து சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பீரோவை இறக்குகிற மாதிரி ஒரு ஆளை இறக்கினால் அவர் வேறு என்ன செய்வார்?

பதினொன்றே காலுக்குக் கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு எடுத்து, அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். சன்னலில் கால்கள் தொங்கத்தான் செய்தன. அவற்றின் கீழே ஒரு வாலிபன் உட்கார்ந்து தன்னுடைய பிளாஸ்டிக் காலின் வாரை இறுக்கிக்கொண்டே போனில் யாரிடமோ மேட்ச் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தான். இறுக்கி முடித்ததும் எழுந்து விறுவிறுவென்று நடந்து போய்விட்டான். கோமதியம்மாள் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஸ்மிதா மராட்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். தாராவியிலிருந்து வருகிற நோயாளிகளிடம் பதினைந்து வருடமாகத் தமிழ் பொறுக்கியிருக்கிறார். ஆனால் நோயாளிகளை அதட்டுகிற அண்ணன் தம்பிகளிடமிருந்து பொறுக்கியது என்பதால் அது அவருக்குத் தெரியாமலே ஒரு மாதிரியாகிவிட்டது.

"உக்காருல மாமா" என்றார்.

சுடலைக்கண்ணன் திடுக்கிட்டுப் பார்த்தார். ஏழு வாரத்தில் முதல் தடவையாகக் கலைக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தூக்குல. காலு தூக்குல."

வலது கால் தொடையோடு சேர்ந்து பாதி எழும்பியது.

"நீட்டுல." முட்டி நீண்டது. டாக்டர் கையால் அழுத்தினார். கால் கொஞ்ச நேரம் எதிர்த்து நின்று, பிறகு தணிந்தது. பாதத்தை மேலே மடக்கச் சொன்னபோது மட்டும் அது தொங்கியபடியே இருந்தது. வலது கையில் கட்டைவிரலும் இரண்டு விரலும் லேசாக அசைந்தன. தோளைத் தொட்டதும் சுடலைக்கண்ணன் முகத்தைச் சுளித்தார். இந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறீர்களா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். கலை ஆமாம் என்று தலையாட்டினாள். இனிமேல் ஒருத்தரும் அந்தக் கையை இழுக்கக் கூடாது, இடுப்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று அவர் செய்து காட்டினார்.

பிறகு சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்து, இந்தியிலேயே கேட்டார். "இவ்வளவு லேட்டா வந்திருக்கீங்க?"

கலை வாயைத் திறப்பதற்குள் கோமதியம்மாள் முந்திக்கொண்டாள். தாராவிக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் கற்றுக்கொண்ட இந்தியெல்லாம் காய்கறிக்காரனோடு பேசுகிற இந்தி.

"மேடம், முஜே டர் லகா." எனக்குப் பயமாக இருந்தது என்றாள். சன்னலைக் காட்டினாள். சர்டிபிகேட் என்றாள். அப்புறம் இந்தி தீர்ந்துபோய் அழுதாள்.

டாக்டர் அவளை அழவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கலையிடம் சொன்னார். "அம்மாகிட்ட சொல்லு. சர்டிபிகேட்ங்கறது தேவைப்படறவங்களுக்கு ஒரு உதவி, முத்திரை இல்லை. அதுவும் இவருக்கு இப்போ நீங்க கெஞ்சிக் கேட்டாலும் தரமாட்டேன். இன்னும் எவ்வளவு திரும்பி வரும்னு தெரியாம எதை எழுதறது?"

கலை அதைத் தமிழில் சொன்னாள். கோமதியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தரமாட்டாவளாமா?" என்று மறுபடி கேட்டாள்.

"தரமாட்டாவளாம்."

அம்மா முகத்தில் வந்த நிம்மதியை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஒரு காகிதத்துக்குப் பயந்து இன்னொரு காகிதத்தை ஒளித்து வைத்த பாவம், அது அப்போதுதான் அவள் நெஞ்சை விட்டு இறங்கியது.

டாக்டர் நாற்காலியை இழுத்துச் சுடலைக்கண்ணனுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். "மாமா, உங்களுக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. டாக்டர்கள் கலையிடம் பேசினார்கள். அண்ணன் கோமதியிடம் பேசினார். பட்டறை, லேத்து, வேலை என்று ஏதாவது சொல்வார் என்று கலை காத்திருந்தாள்.

சுடலைக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு எறங்கி, நானா கக்கூசுக்குப் போணும் மேடம். ஏழு வாரமா எல்லாம் எம்பொண்டாட்டி கையிலதான். பெத்த புள்ள வெளிய போயி நிக்கும். அது ஒண்ணு போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கல."

கலைக்கு அதை இந்தியில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் டாக்டருக்கு அது தமிழிலேயே புரிந்துவிட்டது. எழுதும் காகிதத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதினார்.

"வீடு மேலேயா? எத்தனை படி? கைப்பிடி எந்தப் பக்கம்?"

கலை போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். ஒன்பது படி. ஏறும்போது இடது பக்கம் ஒரு இரும்புக் குழாய்.

"நல்ல பக்கம். கடைசியா எப்போ ஏறிப் பார்த்தீங்க?"

"டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு" என்றார் சுடலைக்கண்ணன். "ரெண்டாவது படியிலயே விழுந்துட்டேன். உதுமான் பிடிக்கலைன்னா மண்ட ஒடஞ்சிருக்கும். அதோட காலுல உயிரில்லன்னு விட்டாச்சு."

"எப்படி ஏறினீங்க? வந்து காட்டுங்க."

பக்கத்துக் கூடத்தில் நாலு படி வைத்த மரப் படிக்கட்டு ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பின்னாலிருந்து இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். சுடலைக்கண்ணன் இடது கையால் குழாயைப் பற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தார். அதை ஊன்றி எழும்பப் பார்த்தார். முட்டி மடிந்தது. பட்டையைப் பிடித்திருந்தவர் தாங்கிக்கொண்டார்.

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஏன் வலது கால்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவர்களுக்கு இப்போதுதான் தெரியும்.

"வீட்டுக்குள்ள ஏறுறப்ப வலது காலத்தான மொதல்ல வைக்கணும்" என்றாள் கோமதியம்மாள். "அதுவும் ஆஸ்பத்திரில இருந்து பொழச்சு வாறாவ. அவுக அண்ணன் கீழ நின்னு, வலது கால வையிலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. இவுகளும் வச்சாவ."

கலை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் டாக்டர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. பல வருடமாகத் தேடின சாவி சட்டைப் பையிலேயே இருந்தால் ஒருவர் சிரிப்பாரே, அப்படி.

"உங்க சாமிகிட்ட நான் பேசிக்கறேன். கேட்டுக்கோ மாமா. ஏறும்போது நல்ல கால் முதல்ல. அதுதான் உடம்பைத் தூக்கும். சோர்ந்த கால் பின்னாலேயே வந்து அதே படியில சேரும். இறங்கும்போது தலைகீழ். சோர்ந்த கால் முதல்ல. உங்க ஏணியில திரும்பி, ஏணியைப் பார்த்தபடி இறங்கணும். அப்பத்தான் குழாய் உங்க இடது கைக்கு வரும்."

"அன்னைக்கு எடது கால வச்சிருந்தா விழுந்திருக்கமாட்டேனா?"

"அப்படிப் பொய் சொல்லமாட்டேன். அன்னைக்குப் பலம் இன்னும் கம்மி, விழுந்தும் இருக்கலாம். ஆனா அந்த ஒரு விழுகையை வெச்சுக் கால் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணியிருக்க வேண்டாம். கால் சாகலை மாமா. மேலே மூளையிலேயிருந்து வர்ற உத்தரவு குறைஞ்சுபோச்சு. அதைப் பழக்கி வரவழைக்கணும்."

தொங்கும் பாதத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். கெண்டைக்காலின் பின்னாலிருந்து பாதத்துக்கு அடியில் வந்து தாங்குகிற மாதிரி இருந்தது. சொந்த அளவுக்குச் செய்தது அடுத்த வாரம் வரும், அதுவரை இது. செருப்புக்குள் அது நிற்காது என்றதும், கலை வெளியே ஓடி, ஒட்டுகிற வார் வைத்த கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தாள்.

சுடலைக்கண்ணன் இடது காலை முதல் படியில் வைத்தார். உடம்பு எழும்பியது. வலது கால் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றது. இரண்டாவது படி. மூன்றாவது. நாலாவது படியில் நின்று திரும்பி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம்.

"எட்டீ கலை, ஏறிட்டேன் பாத்தியா."

"பாத்தேம்பா. நல்லாப் பாத்தேன்."

கோமதியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாமல் இருந்தது. "எழவு, கால மாத்தி வச்சதுக்கா ஏழு வாரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். டாக்டர் சுடலைக்கண்ணனை விடவில்லை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பத்துத் தடவை ஏறி இறங்க வைத்தார். அப்புறம்தான் வீட்டு ஏணிக்கு அனுமதி கொடுத்தார். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

கை எப்போது சரியாகும் என்று கலை கேட்டபோது டாக்டர் நேராகவே சொன்னார். கை காலை விட மெதுவாகத்தான் வரும். லேத்தைப் பிடிக்குமா என்று இன்றைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. வாரம் மூன்று நாள் இங்கே வர வேண்டும்.

"வெள்ளிக்கிழமை ஊருக்குக் கூட்டிட்டுப் போறதா இருக்கு மேடம்" என்றாள் கலை.

"அங்கே இந்த மாதிரி பயிற்சி கொடுக்க ஆள் இருக்கா?"

"இல்ல."

"அப்போ அடுத்த மூணு மாசத்தைக் கொண்டுபோய் ரயில்ல விட்டுடாதீங்க. பலம் திரும்பி வர்றதுக்கு இதுதான் நல்ல காலம்."

மூன்று மணிக்கு உதுமானின் ஆட்டோ சந்து முனையில் வந்து நின்றது. ஏணிக்குக் கீழே பெரியப்பா பூதத்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு காலி அட்டைப் பெட்டி. மூட்டை கட்ட வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்த கோபம் முகத்தில் இருந்தது.

"எங்கல போனிய எல்லாரும்? ஒரு போன் எடுக்க ஆளில்ல." பிறகு ஆட்டோவிலிருந்து தம்பி தானாக ஊன்றி இறங்குவதைப் பார்த்தார். வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். பெட்டி இரண்டும் கையிலிருந்து நழுவின.

கலை நாலே வரியில் விஷயத்தைச் சொன்னாள். பெரியப்பா நம்பவில்லை. "ஒரு நாள்ல டாக்டர் மந்திரம் போட்டாளாக்கும்? ஏணியில விழுந்து தொலைச்சான்னா யாரு பதில் சொல்லுவா? நாலு பேரக் கூப்புடு, தூக்கி வைப்போம்."

"தூக்க வேண்டாம்ணே" என்றார் சுடலைக்கண்ணன்.

ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து இடுப்பில் இறுகக் கட்டினார்கள். அவர் இடது கையால் குழாயைப் பிடித்தார். இடது காலைத் தூக்கினார்.

"ஏல, எடது காலயா வைக்க?" பெரியப்பா பதறிவிட்டார். "வீடு ஏறுறப்ப..."

கோமதியம்மாள் தன் புருஷனின் அண்ணனை எதிர்த்து இருபத்தைந்து வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசினாள்.

"அத்தான், அன்னைக்கு வலது காலத்தான் வச்சாவ. ஏழு வாரம் மேல கெடந்தாவ. இன்னைக்கு எடது கால வைக்கட்டும்."

பெரியப்பாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்ததோ என்னவோ, உதுமானை ஒதுக்கிவிட்டு, தானே முன்னால் வந்து தம்பியின் இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறுல" என்றார்.

இடது கால். வலது கால். குழாயில் கை ஒரு சாண் மேலே. மறுபடி இடது கால். நாலாவது படியில் சுடலைக்கண்ணன் மூச்சு வாங்க நின்றார். பக்கத்தில் நின்ற கலை எண்ணவும் பயந்தாள். ஐந்து. ஆறு. ஏழாவதில் வலது ஷூவின் நுனி படியில் தட்டியது. பெரியப்பாவின் பிடி இறுகியது. சுடலைக்கண்ணன் காலைப் பின்னுக்கு இழுத்து, கொஞ்சம் உயர்த்தி, சரியாக வைத்தார். எட்டு. ஒன்பது.

வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கோமதியம்மாள் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை இடது கையால் வாங்கி அவரே குடித்தார்.

பெரியப்பா மேல்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சிறு வயதிலிருந்து தம்பியைத் தூக்கிச் சுமந்தவர் அவர். சுமக்க வேண்டாம் என்றானதும் சந்தோஷம் அவரையும் மீறி வந்துவிட்டது.

"டிக்கெட்ட ரத்து பண்ணிருவோம் பெரியப்பா" என்றாள் கலை.

"பண்ணிருவோம்." அவர் தலையாட்டினார். ஆனால் கண்ணை நிமிர்த்தவில்லை. "டிக்கெட்டு ஒண்ணும் பெருசில்ல. இன்னொரு காரியம் பண்ணித் தொலச்சுட்டேன்."

"என்ன காரியம்?"

"நீங்கதான் ஊருக்குப் போறிய, வீடு சும்மா பூட்டிக் கெடக்குமேன்னு..." பெரியப்பா வார்த்தையைத் தேடினார். "நம்ம இசக்கிசெல்வி குடும்பத்துக்கு இந்த வீட்டப் பேசி முடிச்சுட்டேன். செம்பூர்ல இருந்த வீட்ட அவ காலி பண்ணிட்டா. ஞாயித்துக்கிழம காலையில சட்டி பானையோட டெம்போவுல வாறா. வாக்குக் குடுத்துட்டேன் தம்பி."

கோமதியம்மாள் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். இசக்கிசெல்வி யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவின் கொழுந்தியாள். வாய்க்கு வாய் சளைக்காதவள். கையில் இரண்டு பிள்ளை, திரும்பிப் போக வீடு இல்லை. கலை பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா ஏணியைப் பார்த்தார்.

சுடலைக்கண்ணன் மட்டும் சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்து முடித்தார்.

"வரட்டும்ணே" என்றார். "நானே எறங்கி வந்து அவட்ட சொல்லிக்கிடுதேன்."